மலிவாய் ஓர் ஆலயம்

கடந்த மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில், வால்தம்ஸ்டோவில் நாங்கள் வாடகைக்கு எடுக்கும் மண்டபத்தில், ஆராதனை முடிந்து, தேத்தண்ணியும் வடையும் முடிந்து, பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பதினொரு பேர் ஒரு நீள மேசையைச் சுற்றி இருந்தோம். அந்த மண்டபத்து ஹீற்றர் ஐந்து மணிக்குத் தானாகவே நின்றுவிடும். அதற்குமேல் சூடு வேண்டுமென்றால் மேலதிக வாடகை. ஆகவே கோட்டைக் கழற்றாமலே கூட்டத்தைத் தொடங்கினோம்.

பேச வேண்டியிருந்தது ஒரே விடயம். எங்களுக்கென்று ஒரு ஆலயம் கட்டுவதா?

முப்பது வருடங்களுக்கு மேலாக நாங்கள் மற்றவர்களுடைய ஆலயங்களில்தான் கூடி வருகிறோம். அவர்கள் காலை ஆராதனையை முடித்து, வீட்டுக்குப் போய், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் கண்ணயரும் நேரம் எங்களுடைய நேரம். எங்களில் மெதடிஸ்தர் உண்டு, அங்கிலிக்கர் உண்டு, தென்னிந்திய திருச்சபையார் உண்டு. ஊரில் ஒரே வீதியில் மூன்று ஆலயங்களுக்குப் பிரிந்து போனவர்களைக் குளிர் ஒரே கூரைக்குள் தள்ளிவிட்டது. இதுவரை நான்கு தடவை இடம் மாறியாயிற்று. ஒரு கட்டிடம் விற்கப்பட்டு அடுக்குமாடி வீடுகளாயிற்று. இன்னொரு இடத்திலிருந்து எங்கள் சமையலின் மணம் பற்றி மிகவும் பண்பான ஒரு கடிதம் வந்தது. பாட்டுப் புத்தகங்கள் இரண்டு பிளாஸ்ரிக் பெட்டிகளில், பொருளாளர் அண்ணையின் காரில் வந்து காரிலேயே திரும்புகின்றன. அந்தக் கட்டிடத்தில் எங்களுக்கு உரித்தானது அலுமாரியில் ஒரு தட்டு. அதற்கும் பூட்டு இல்லை.

இப்போது வாடகையும் கூடுகிறது, கூரையும் ஒழுகுகிறது. ஆகவே சொந்தமாகக் கட்டலாம் என்ற பேச்சு வந்தது. எங்கள் பிள்ளைகளில் பொறியியல் படித்த ஒருவர் ஒரு தாளில் அழகாக எழுதிக் கொண்டுவந்திருந்தார்: குறைந்த செலவு, சூழலுக்கு உகந்தது. எல்லோரும் தலையாட்டினோம். யாராலும் எதிர்க்க முடியாத சொற்கள் என்று சில உண்டல்லவா, அவற்றில் இரண்டு இவை. பொருளாளர் அண்ணை ஒரு கடித உறையை எடுத்து மேசையில் வைத்தார். எண்பதை நெருங்கும் ஒரு அம்மா, இரண்டு காப்புகளை விற்று, 'அத்திவாரக் கல்லுக்கு' என்று எழுதிக் கொடுத்தனுப்பிய பணம் அது. அதன் பிறகு கட்டுவதா என்ற கேள்வி போய், எப்படிக் கட்டுவது என்ற கேள்விதான் மிஞ்சும் போலிருந்தது.

அப்போதுதான் மேசையின் அந்தத் தொங்கலில் இருந்த ரீச்சர் அக்கா கேட்டா: "மலிவு எண்டால் ஆருக்கு மலிவு?"

ஆறு மணிக்கு மண்டபத்தைப் பூட்ட வேண்டும். எவரும் பதில் சொல்லாமலே எழுந்தோம். அக்காவின் கேள்வி எங்களோடு வீட்டுக்கு வந்துவிட்டது. எங்களுக்காக மட்டும் இதை எழுதவில்லை. ஒஸ்லோவிலும் பாரிசிலும் ரொறொன்ரோவிலும் கோயிலோ ஆலயமோ மண்டபமோ கட்டப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கும் எம்மவர் எல்லோருக்குமாகத்தான்.

*

எங்களில் பலர் குறைந்த செலவில் சூழலுக்கு உகந்த ஆலயம் ஒன்றை ஏற்கனவே கண்ணால் கண்டவர்கள். அப்போது அதற்கு இந்தப் பெயர் இருக்கவில்லை. ஊரில் புதிதாக ஒரு சபை கூடத் தொடங்கினால் முதலில் எழுவது கொட்டில். பனந்தீராந்தி, பனஞ்சிலாகை, தென்னங்கிடுகு, மண்சுவர், சாணி மெழுகிய நிலம். எல்லாமே கூப்பிடு தூரத்தில் கிடைப்பவை. இத்துப்போன கிடுகு தோட்டத்துக்கு உரமாகும். வெயிலில் உள்ளே போனால் நெற்றி குளிரும். கட்டுவதற்குப் பெண்கள் உலைக்குப் போடுமுன் எடுத்து வைத்த பிடியரிசியே போதுமாயிருந்தது.

இப்படி எழுதும்போதே எங்களுக்குச் சந்தேகமும் வருகிறது. ஊர் நினைவு என்பது இலகுவில் இனித்துவிடும் பண்டம். கிடுகு பின்னிய பெண்ணுக்கு என்ன கூலி கொடுத்தோம்? கூரையில் ஏறி வேய்ந்தவர், வேய்ந்து முடிந்த ஞாயிறு அந்தக் கூரையின் கீழ் எங்கே உட்கார்ந்தார்? கொட்டில் எங்களுக்கு மலிவாகக் கிடைத்ததற்குச் சூழல் மட்டும் காரணமில்லை. ஒரு கூட்டத்தின் உழைப்பை மலிவாக வைத்திருந்தோம் என்பதும் காரணம்.

ஒரு கட்டிடத்தின் பிளான் என்பது யார் எங்கே இருப்பது என்பதை முன்கூட்டியே தீர்மானித்துவிடும் தாள். திருநெல்வேலிப் பக்கத்து வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த கத்தோலிக்க ஆலயம் இதற்கு அப்பட்டமான சாட்சி. வெள்ளாளருக்கு ஒரு பக்கம், நாடாருக்கு ஒரு பக்கம் என்று இரண்டு கிளைகளாகப் பிரிந்து பீடத்தில் மட்டும் சேரும்படி அதைக் கட்டினார்கள். காற்சட்டையின் இரண்டு கால்களைப் போல! உள்ளேயிருந்த தடுப்பு 1910இல் நீக்கப்பட்டபோது வழக்கு நீதிமன்றம் வரை போயிற்று. சுவரை எழுப்பச் சுண்ணாம்பும் கல்லும் போதும்; அதை எடுக்க நீதிபதி வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்தில் நாங்கள் சுவர் வைக்கவில்லைத்தான். பாயும் வாங்கும் அந்த வேலையைச் செய்தன.

ஆயினும் கொட்டிலையோ, அதன் பின்னால் எழுந்த கல் ஆலயங்களையோ நாம் எதற்காகப் பாவித்தோம் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். ஆராதனைக்கு, கலியாணத்துக்கு, செத்தவீட்டுக்கு. போர் வந்த பின் முதன்மையாகப் படுப்பதற்கு. பாயோடும் கேத்திலோடும் ஓடிப்போய் இருப்பதற்கு அதுதான் இடம். 1995 யூலை 9ஆம் திகதி நவாலி புனித பேதுரு பாவிலு தேவாலயத்தில் இருந்தவர்கள் அப்படி ஓடி வந்தவர்கள்தான். அன்று விமானக் குண்டுவீச்சில் அங்கே நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். கூரை மனிதரைக் காக்கும் என்ற எங்கள் சின்ன வயது நம்பிக்கை அந்தப் பின்னேரத்தோடு முடிந்தது. ஆனால் ஆலயம் என்பது ஓடி வருபவருக்குத் திறந்திருக்க வேண்டிய இடம் என்ற எண்ணம் முடியவில்லை. பிளான் போடுகிற மேசையில் முதலில் வைக்க வேண்டியது அதுவென்றே நாங்கள் கருதுகிறோம்.

*

ரீச்சர் அக்காவின் கேள்விக்கு வால்தம்ஸ்டோவிலேயே ஒரு பதில் நிற்கிறது. எங்கள் மண்டபத்திலிருந்து நடந்து போகும் தூரம். மார்க்ஹவுஸ் வீதியும் டவுன்ஸ்ஃபீல்ட் வீதியும் சந்திக்கும் மூலையில் உள்ள மெதடிஸ்த ஆலயத்தைப் பஸ்சில் போகும்போது பலரும் கண்டிருப்பீர்கள். 1893இல் கட்டப்பட்டது. கடலே இல்லாத இந்த இடத்தில் அதன் கோபுர உச்சியில் ஒரு கலங்கரை விளக்கம்! முன்பு மாலை ஆராதனை நேரத்தில் அதன் ஒளி சுழலுமாம். பெயரே 'லைற்ஹவுஸ்' ஆலயம். எங்கள் பிள்ளைகளுக்குச் சின்ன வயதில் மிகவும் பிடித்த கட்டிடம்.

அதைக் கட்டப் பணம் கொடுத்தவர் கப்டன் டேவிட் கிங். புல்லார்ட் கிங் என்ற கப்பல் கம்பனியின் பங்காளி. லண்டனிலிருந்து தென்னாபிரிக்காவின் டர்பன் துறைக்கு நேரே ஓடிய நேட்டால் கப்பல்கள் அந்தக் கம்பனியுடையவை. உம்சின்ரோ, உம்லாசி, உம்குசி என்று அவற்றின் பெயர்கள் போகும்.

இந்தப் பெயர்களைத் தென்னாபிரிக்கத் தமிழரிடம் சொல்லிப் பாருங்கள். அவர்களது பாட்டன் பூட்டிகளின் பத்திரங்களில் இருக்கும் பெயர்கள் இவை. 1860க்கும் 1911க்கும் இடையில் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குக் கொண்டுபோகப்பட்ட 152,184 பேரில் பெரும்பகுதியினர் சென்னையில் கப்பலேறியவர்கள். ஐந்து வருட ஒப்பந்தம். முதல் வருடம் மாதம் பத்துச் சிலிங் சம்பளம், பின்னர் வருடத்துக்கு ஒரு சிலிங் கூடும். வேலை பெரும்பாலும் கரும்புத் தோட்டத்தில். ஒப்பந்தம் முடிந்த பின்னும் ஊர் திரும்பாமல் அங்கே இருக்க விரும்பினால் வருடம் மூன்று பவுண் வரி என்று 1895இல் சட்டம் வந்தது. 1911இல் கடைசி ஒப்பந்தக் கூலிகளை டர்பனில் இறக்கிய கப்பல் உம்லாசி.

கப்டன் கிங் பக்தியுள்ள மனிதர். ஏழைகள் நெருக்கமாக வாழ்ந்த ஒரு வட்டாரத்தில் ஆலயம் எழுப்பினார். அந்தச் சபைக்கு அது மிக மலிவாகக் கிடைத்தது, ஏறக்குறைய இனாம். கப்பல்கள் சரக்கும் ஏற்றின, பயணிகளையும் ஏற்றின, கூலிகளையும் ஏற்றின. இலாபம் விழுந்ததோ ஒரே பெட்டியில். அந்தப் பெட்டியிலிருந்து எடுத்த காசில் எந்தச் செங்கல் எவருடைய பயணத்திலிருந்து வந்தது என்று இன்று பிரித்துச் சொல்லக் கேட்பது வீண். இன்று அங்கே வழிபடுகிறவர்களைக் குற்றம் சொல்லவும் இதை எழுதவில்லை. மலிவாய்க் கிடைத்த ஒரு பொருளின் மிச்ச விலையைக் கண்ணுக்குத் தெரியாத ஒருவர் எங்கோ கட்டிக்கொண்டிருப்பார் என்பதற்கு, இந்த ஊரில் இதைவிட உயரமான அடையாளம் வேறில்லை.

'அவர்கள் இந்தியத் தமிழர், எங்கடை ஆட்கள் இல்லை' என்று ஒரு குரல் எங்கள் கூட்டத்திலேயே எழும் என்பதும் தெரியும். மலையகத் தமிழர் 1948இல் குடியுரிமை இழந்தபோதும் நம்மில் பலர் இப்படித்தான் கணக்குப் பார்த்தோம். அந்தக் கணக்கு நம்மை எங்கே கொண்டுவந்து விட்டது என்பதை இந்தப் பத்திரிகையின் வாசகருக்கு விளக்கத் தேவையில்லை.

இதே ஊரில் 1834இல் பிறந்த இன்னொரு பெரியவர் வில்லியம் மொறிஸ். கவிஞர், கைவினைஞர், சோசலிசவாதி. அவரது குடும்பம் வாழ்ந்த ஃபாரெஸ்ற் வீதி வீடு இப்போது அவர் பெயரில் காட்சியகமாக இருக்கிறது. பழைய ஆலயங்களை இடித்தும் உரித்தும் 'புதுப்பிக்கும்' வெறி இங்கிலாந்தைப் பிடித்திருந்த காலத்தில், 1877இல், பழங்கட்டிடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர்தான். முன்னோர் கட்டியவை எங்களுடைய சொத்து அல்ல, பின்னால் வருபவர்களுக்காக நாங்கள் பார்த்துக்கொள்பவை என்பது அவர் வாதம். நாளாந்தம் ஒழுக்கை அடை, ஓட்டை மாற்று, அது போதும் என்றார்கள் அச்சங்கத்தார். இந்த மொறிசின் இளமைக்காலச் செல்வமும் டெவன் மாவட்டத்துச் செப்புச் சுரங்கப் பங்குகளிலிருந்தே வந்தது. செம்போடு ஆர்சனிக் நஞ்சையும் தோண்டியெடுத்த சுரங்கம் அது. அந்தக் கம்பனியின் இயக்குநராகச் சில வருடங்கள் இருந்து 1875இல் விலகினார். பக்திமானுக்கும் சரி, புரட்சிக்காரருக்கும் சரி, பணம் எங்கோ ஒரு தூரத்து மனிதரின் முதுகிலிருந்து வந்திருக்கிறது. எங்கள் பொருளாளர் அண்ணையின் கணக்குப் புத்தகம் மட்டும் இதற்கு விலக்காகுமா?

*

எங்கள் பொறியியலாளர் தம்பிக்கு நாங்கள் நன்றி சொல்ல வேண்டும். கேள்வி தன் தாளைக் கிழித்துவிட்டது என்று கோபிக்காமல், அடுத்த கிழமை கணக்குகளோடு வந்தார். அவர் விளக்கியதில் எங்களுக்குப் புரிந்ததை எழுதுகிறோம்.

உலகில் மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 7 அல்லது 8 வீதம் சீமெந்தினால் வருகிறது. சூளையை எரிக்கும் நெருப்பு அதில் ஒரு பகுதிதான். சுண்ணாம்புக்கல் வெந்து உடையும்போது கல்லுக்குள்ளிருந்தே அந்த வாயு வெளியேறுகிறது. காற்றாலை மின்சாரத்தில் சூளையை எரித்தாலும் அது நிற்காது. காங்கேசன்துறைப் புகைபோக்கியின் கீழ் வளர்ந்தவர்கள் எங்களில் மூன்று பேர். 1950இல் தொடங்கி 1990இல் போரோடு நின்றுபோன அந்தத் தொழிற்சாலை எங்களுக்கு வேலை தந்தது, பெருமை தந்தது, துணி காயப்போட்ட கொடியெல்லாம் சாம்பல் பூசியும் தந்தது. எங்கள் சுண்ணாம்புக்கல்லைத் தோண்டிய பள்ளங்கள் இப்போதும் அங்கே கிடக்கின்றன. ஒரு பை சீமெந்தை மலிவென்று சொல்லும்போது அந்தப் பள்ளத்தின் விலை அதில் சேர்வதில்லை.

சீமெந்தைக் குறைத்து மரத்தால் கட்டலாம். பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய பாரிய மரத்தட்டுகளால், பக்கத்து ஹக்னியில், மறே குறோவ் என்னுமிடத்தில், ஒன்பது மாடி வீட்டையே 2009இல் கட்டி முடித்திருக்கிறார்கள். கூரையில் சூரியத் தகடு போடலாம். வால்தம்ஸ்டோ லின்மவுத் வீதியில் ஹிலாரி பவல், டான் எடல்ஸ்ரைன் என்ற இரு கலைஞர்கள் அயலவரைச் சேர்த்துத் தங்கள் தெருவையே மின்நிலையம் ஆக்கப் புறப்பட்டதை நாங்கள் அறிவோம். வெளிக்காற்றில் உள்ள சொற்பச் சூட்டையும் உறிஞ்சி உள்ளே தள்ளும் ஹீற் பம்ப் பூட்டலாம். குளிர்ப்பெட்டியின் வேலையைத் திருப்பிப் போட்டது போன்றது அது. இவையெல்லாம் நல்லவைதான்.

ஆனால் தம்பியே கடைசியில் ஒன்றைச் சொன்னார். நாங்கள் வாடகைக்கு இருக்கும் கட்டிடத்தின் செங்கற்கள் ஏற்கனவே வெந்துவிட்டன. அவற்றைச் சுட்ட நிலக்கரிப் புகை நூறு வருடங்களுக்கு மேலாக வானத்தில் இருக்கிறது. அதைத் திரும்ப எடுக்க முடியாது. இடித்துவிட்டு அல்லது விட்டுவிட்டுப் போய்ப் புதிதாகக் கட்டினால், எவ்வளவு 'பச்சை'யாகக் கட்டினாலும், அந்தக் கடனை அடைக்கப் பல வருடம் எடுக்கும். இருக்கும் கூரைக்குப் பஞ்சுறை போட்டு, கதவிடுக்குகளை அடைத்து, மண்டபம் முழுவதையும் சூடாக்காமல் ஆட்கள் இருக்கிற இடத்தை மட்டும் சூடாக்கினால் பாதிப் பிரச்சினை தீரும். கிழமையில் நாலு மணித்தியாலம் பாவிக்கும் இடத்தில் முகட்டுக்குக் கீழுள்ள வெறுங்காற்றைச் சுட்டு என்ன பயன்? 2030க்குள் தன் கட்டிடங்களின் கரிமக் கணக்கைப் பூச்சியமாக்குவதென்று இங்கிலாந்துத் திருச்சபையின் பொதுமன்றம் 2020 மாசியில் முடிவெடுத்தபோது, பெரும்பாலும் கண் முன்னால் இருந்தவை இத்தகைய பழைய, குளிர்ந்த, ஒழுகும் கட்டிடங்களே.

இதில் ஒரு கோணல். இந்த நாட்டில் பழைய கட்டிடத்தைத் திருத்தினால் பொதுவாக 20 வீத வற் வரி. தருமத்துக்கான ஆலயத்தைப் புதிதாகக் கட்டினால், உரிய நிபந்தனைகளுக்கு அமைந்தால், வற் வரி பூச்சியம். ஒழுக்கை அடைப்பவனுக்குத் தண்டம், புதிதாகச் சீமெந்து கொட்டுபவனுக்குச் சலுகை! ஆகவே 'மலிவு' என்ற சொல்லை அரசாங்கமும் தன் பங்குக்கு வளைத்து வைத்திருக்கிறது. எங்கள் தாளில் புதுக்கட்டிடம் மலிவாகத் தெரிந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

*

புதிதாகக் கட்டவே கூடாது என்று சொல்ல வரவில்லை. கட்ட வேண்டிய நேரம் உண்டு. 1995 தை 17ஆம் திகதி ஜப்பானின் கோபே நகரில் பூமி நடுங்கியபோது, நகாத்தா பகுதியில் தக்காத்தோரி கத்தோலிக்க ஆலயம் எரிந்துபோயிற்று. அங்கே வழிபட்டவர்களில் பலர் வியட்நாமிய அகதிகள். சிகேரு பான் என்ற கட்டிடக் கலைஞர் வந்து, காகிதக் குழாய்களால் ஆலயம் கட்டித் தருகிறேன் என்றார். இப்போதுதான் எல்லாம் எரிந்து முடிந்திருக்கிறது, காகிதமா என்று குருவானவர் முதலில் மறுத்துவிட்டார். பான் விடவில்லை. ஞாயிறு தோறும் தோக்கியோவிலிருந்து ரெயிலேறி வந்தார். பணமும் ஆட்களும் தானே சேர்ப்பதாக ஒத்துக்கொண்ட பின்புதான் அனுமதி கிடைத்தது. 58 காகிதக் குழாய்கள் தூணாக நின்றன. தொண்டர்கள் 160 பேர் சேர்ந்து ஐந்து வாரத்தில் எழுப்பினார்கள். எண்பது பேர் இருக்கக்கூடிய இடம். தற்காலிகம் என்று கட்டியது பத்து வருடம் நின்றது. 2005இல் பிரித்துத் தாய்வானுக்கு அனுப்பினார்கள். அங்கேயும் ஒரு பூமியதிர்ச்சி அழித்த கிராமத்துக்கு! 2008இலிருந்து அது அங்கே நிற்கிறது.

அகதிகளுக்காகக் கட்டிய ஆலயம் அகதியைப் போலவே கழற்றிக் கட்டிக்கொண்டு புறப்பட்டுப் போயிற்று. இதைக் கூட்டத்தில் சொன்னபோது எங்களில் சிலர் சிரித்தார்கள். ஒருவர் சிரிக்கவில்லை. "எங்களுக்கு இனியும் கழட்டிக்கொண்டு போற கட்டிடமே வேணும்? முப்பது வருசமாப் பெட்டியிலை பாட்டுப் புத்தகம் காவிறது காணாதே?" என்று கேட்டார். நியாயமான கோபம்.

பேர்மிங்காமில் 1917இல் பிறந்து கேரளத்துக்கே தன்னைக் கொடுத்து 2007இல் அங்கேயே இறந்த லோறி பேக்கரை இங்கே நினைக்க வேண்டும். பம்பாயில் கப்பலுக்குக் காத்திருந்த நாட்களில் காந்தியைச் சந்தித்தவர். வீடு என்பது ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்கும் பொருட்களால் கட்டப்பட வேண்டும் என்ற காந்தியின் கருத்து அவரை வாழ்நாள் முழுதும் பிடித்துக்கொண்டது. செங்கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, நடுவில் இடைவெளி விட்டுக் கட்டும் முறையால் கால்வாசிக் கல்லை மிச்சம் பிடித்தார். திருவனந்தபுரத்தில் லொயோலா நிறுவனத்துக்கு அவர் கட்டிய ஆலயத்தில், செங்கல் துளைகள் வழியே காற்றும் வெளிச்சமும் வரும்; யன்னலுக்குச் செலவில்லை. கட்டிடம் புனிதமானது என்பதில் நாட்டமில்லாத குவேக்கர் சபையைச் சேர்ந்தவர் ஆயிரம் பேருக்கு ஆலயம் கட்டியது ஒரு வேடிக்கைதான்.

வால்தம்ஸ்டோவிலிருந்து ஐந்து மைல் சுற்றளவில் என்ன கிடைக்கும் என்று தேடிப் பார்த்தோம். களிமண் வீடுகளுக்குக் கீழே போய்விட்டது. மரம் கடல் கடந்து வரவேண்டும். தாராளமாகக் கிடைப்பது ஒன்றே ஒன்று: ஞாயிறுகளில் பாதி நிரம்பும் பழைய ஆலயங்கள்.

*

ஆகவே பிரச்சினை கல்லிலும் சீமெந்திலும் இல்லை. 'சொந்தம்' என்ற சொல்லில் இருக்கிறது.

ஏன் எங்களுக்குச் சொந்தமாக வேண்டும்? எங்களில் மூத்தவர்களுக்கு இதற்குத் தத்துவம் தேவையில்லை. வீடு போயிற்று, வளவு போயிற்று, ஞானஸ்நானம் பெற்ற ஆலயம் அதியுயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயிற்று. வாடகை மண்டபத்திலிருந்து தன் பெட்டி வெளியே போவதை ஒருவர் விரும்பாவிட்டால் அதை ஆடம்பரம் என்று யார் சொல்வது? விம்பிள்டனிலும் ஹைகேற்றிலும் எம்மவர் பழைய தேவாலய மண்டபங்களையும் வழிபாட்டிடங்களையும் வாங்கிக் கோயிலாக்கியபோது, எங்கள் பெட்போர்ட் வீதியில் கற்பக விநாயகருக்கு இடம் பிடித்தபோது, அதே ஏக்கம்தான். கிறிஸ்தவர்களான எங்களுக்கு, பக்கத்து வீட்டு விநாயகருக்குச் சொந்தக் கதவு இருப்பதில் கொஞ்சம் பொறாமையும் உண்டு. ஒளிப்பானேன்.

ஆனால் லண்டனின் கிழக்கில் பிறிக் லேன் மூலையில் உள்ள கட்டிடத்தைப் பாருங்கள். 1743இல் பிரான்சிலிருந்து துரத்தப்பட்ட ஹியூகனோ கிறிஸ்தவர்கள் கட்டியது. 1819இல் மெதடிஸ்தருக்குப் போயிற்று. 1898இல் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து ஓடிவந்த யூதர்களின் ஜெபக்கூடம். 1976இலிருந்து வங்காள முஸ்லிம்களின் பள்ளிவாசல். ஒவ்வொருவரும் 'எங்களுடையது' என்று சொல்லித்தான் உள்ளே போனார்கள். அவர்களுடைய பிள்ளைகள் வேறு தெருக்களுக்குப் போய்விட்டார்கள். எங்கள் பிள்ளைகளும் இப்போதே எசெக்ஸ் பக்கம் வீடு பார்க்கிறார்கள். இன்னும் இருபது வருடத்தில் தமிழ் ஆராதனைக்கு யார் இருப்பார்கள் என்று கேட்டால், கேட்டவரைத் துரோகி என்பதுபோல் பார்க்கிறோம். கேள்வி அதனால் போய்விடுவதில்லை.

எங்கள் மண்டபத்தின் சொந்தக்காரர்களான வெள்ளைக்கார, கரீபியச் சபையாரும் முதியவர்களே. காலையில் அவர்கள் இருபத்தைந்து பேர், பின்னேரம் நாங்கள் தொண்ணூறு பேர். அவர்களிடம் கூரை இருக்கிறது, அதைத் திருத்தப் பணமில்லை. எங்களிடம் கொஞ்சம் பணம் இருக்கிறது, கூரை இல்லை. முப்பது வருடமாக வாடகைச் சீட்டைத் தவிர இரு பக்கமும் வேறெதுவும் பேசியதில்லை. அவர்களுடைய தேத்தண்ணி நேரத்துக்கு நாங்கள் ஒருநாளும் முன்கூட்டிப் போனதில்லை. அவர்கள் பின்தங்கி நின்றதுமில்லை. கூரைக்கு எங்கள் பங்கைக் கொடுக்கிறோம், நிர்வாகத்தில் எங்களுக்கும் இடம் கொடுங்கள், வாடகைக்காரர் என்பதை விட்டு உடனிருப்பவர் ஆக்குங்கள் என்று கேட்டால் என்ன? இதைத்தான் நாங்கள் இப்போது சரியென்று கருதுகிறோம். எங்களில் எல்லோரும் அல்ல. பதினொரு பேரில் ஏழு பேர். மற்ற நால்வரும் நாங்கள் அடிமைப் புத்தியில் பேசுகிறோம் என்கிறார்கள். அவர்களுக்கு வலுவான ஒரு வாதமும் உண்டு: கேட்டு, அவர்கள் மறுத்தால்? பணமும் மானமும் சேர்ந்து போகும். இதற்கு எங்களிடம் பதிலில்லை. புதுக்கட்டிடத்தில் அந்த ஆபத்து இல்லை என்பது உண்மை. அங்கே யாரையும் எதையும் கேட்க வேண்டியதில்லை. அதுவே எங்களை யோசிக்க வைக்கிறது.

இனி அந்தக் கடித உறை. அது அத்திவாரக் கல்லுக்குக் கொடுத்த பணம். அதைக் கூரைப் பஞ்சுறைக்குச் செலவழிக்க எங்களுக்கு உரிமையில்லை. போன புதன்கிழமை பொருளாளர் அண்ணையும் ரீச்சர் அக்காவும் அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனார்கள். எல்லாவற்றையும் விளக்கினார்கள். கப்டன் கிங்கையும் காகித ஆலயத்தையும்கூட. அம்மா நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "எந்த இடத்திலை ஒழுகுது எண்டு எனக்குக் காட்டுங்கோ, பாத்திட்டுச் சொல்லுறன்" என்றா.

அவ மண்டபத்துக்கு வந்து இரண்டு வருடமாகிறது. வாசலில் பதினொரு படிகள் இருக்கின்றன, கைபிடி ஒரு பக்கம் மட்டும். சக்கர நாற்காலி ஏறச் சரிவுப் பாதை இல்லை. எங்கள் தாளிலும் அது எழுதப்பட்டிருக்கவில்லை. வாற ஞாயிறு நாலு பேர் நாற்காலியோடு தூக்கி ஏற்றுவதாக இருக்கிறோம்.